கீழாநெல்லி காமாலையைக் குணப்படுத்துமா?

மழை பெய்த பத்து நாளில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானே முளைத்து நிற்கும் செடி கீழாநெல்லி. இலைகளுக்கு அடியில் கடுகு போன்ற காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இந்தப் பெயர். கண் மஞ்சளித்தால் இதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். "எங்கள் வீட்டில் நாலு பேருக்கு இதில்தான் குணமாயிற்று" என்று சொல்பவர் இல்லாத ஊர் இல்லை.

அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் குணப்படுத்தியது செடிதானா என்று பார்க்க வேண்டும். காமாலை என்பது ஒரே நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். அசுத்தமான தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் நல்ல பெயர் அதற்கே போய்ச் சேரும்.

ரத்தத்தின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும் 'பி' வகை வேறு மாதிரியானது. கண்ணில் மஞ்சள் தெரியாமலே கிருமி ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி, ஈரலைச் சுருங்கச் செய்யும். புற்றுநோயிலும் கொண்டு விடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியைச் சோதித்தது இந்தக் கிருமி தங்கியவர்களிடம்தான். 'பி' கிருமியைக் கண்டறிந்தவரும் 1976ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவருமான புளூம்பெர்க்கும் அதில் பங்கு கொண்டார். முடிவு 1988ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பெரிய கெடுதல் எதுவும் காணப்படவில்லை.

இந்தச் செய்தி இன்றும் மருந்துப் பொட்டலங்களை விற்க உதவுகிறது. அதற்குப் பின் நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்த ஆராய்ச்சியாளர்களே அதை முதற்கட்டச் சோதனை என்றுதான் குறிப்பிட்டிருந்தனர். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பிறகு சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பும், கீழாநெல்லி 'பி' கிருமியைப் போக்கும் என்று நம்பத் தக்க ஆதாரம் இல்லை என்றே 2011ல் கூறியது.

செடியால் வரும் கெடுதலைவிட, அதை நம்பிக் காத்திருப்பதால் வரும் கெடுதல்தான் பெரிது. நெல் வயலில் இறங்கும் நமக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியே கிருமியை உள்ளே விடுகிறது. கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதன்பின் மஞ்சள் என்று வரும். தொடக்கத்திலேயே ஊசியும் மாத்திரையும் கொடுத்தால் பிழைத்துக் கொள்ளலாம். ஒரு வாரம் மோரும் கீழாநெல்லியுமாகக் கழித்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். அந்தக் கல்லை எந்தச் செடியும் எடுக்காது.

ஆகவே கண் மஞ்சளித்தால் முதல் வேலை ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிக்கோ பச்சைக் குழந்தைக்கோ மஞ்சள் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தண்ணீரால் வரும் 'ஈ' வகை கர்ப்பிணிகளின் உயிரையே பறிக்கக் கூடியது. பேச்சுத் தடுமாற்றம், பகலில் தூங்கி இரவில் விழித்தல், ஓயாத வாந்தி, வயிறு வீங்குதல், ரத்தக் கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சாராயத்தை அடியோடு நிறுத்த வேண்டும். உப்பில்லாப் பத்தியம் என்று நோயாளியைப் பட்டினி போடுவதும் தவறு. ஈரல் தேறுவதற்குச் சாப்பாடு வேண்டும்.

'பி' வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். கிருமி ஏற்கெனவே தங்கியவர்களுக்கு 2018 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

டாக்டரிடம் காட்டிய பிறகும் கீழாநெல்லி சாப்பிட விரும்புவோர் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. செடியையும் பார்த்துப் பறிக்க வேண்டும். தண்டு சிவந்து, காம்பில்லாமல் சொரசொரப்பான காய் ஒட்டியிருந்தால் அது செங்கீழாநெல்லி, வேறு இனம். கடைப் பொடியில் இவையெல்லாம் கலந்தே வருவதுண்டு. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலிலும், அந்தத் தண்ணீர் வடியும் வாய்க்கால் கரையிலும் முளைத்ததை, வீட்டுக்கானாலும் விற்பனைக்கானாலும், பறிக்கவே கூடாது.