வயோமிங்குக்கு ஒரு பார்சல்: ஆன்லைன் கடை முகவரியை எப்படிப் படிக்கிறது?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள வயோமிங் மாநிலத்தின் பரப்பளவு சுமார் 2,53,000 சதுர கிலோமீட்டர். ஆனால் 2020ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி அங்கு வசிப்பவர்கள் 5,76,851 பேர்தான். ஐம்பது மாநிலங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது இதுதான். சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். தலைநகரமான ஷையெனிலேயே சுமார் 65 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள்.

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான ஷாப்பிங் கார்ட் சாப்ட்வேரில் வரி, டெலிவரி கட்டணம் ஆகியவற்றைக் கணக்கிடும் பகுதி என் வேலை. ஒரு புதிய புரோகிராமைச் சோதிக்கும்போது நியூயார்க் முகவரியோடு வயோமிங் முகவரி ஒன்றையும் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். அங்கே சரியாக வேலை செய்தால் மற்ற இடங்களில் பெரும்பாலும் பிரச்சினை வராது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த மக்கள் பொருள் வாங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டலாக் முதல் கம்ப்யூட்டர் வரை

கடைக்குப் போகாமல் பொருள் வாங்குவது இவர்களுக்கு இன்டர்நெட் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் அல்ல. 1872லேயே மாண்ட்கோமரி வார்டு நிறுவனம் தபால் மூலம் விற்பனையைத் தொடங்கியது. பிறகு சியர்ஸ் நிறுவனத்தின் தடிமனான கேட்டலாக் வந்தது. 1896ல் கிராமப்புற வீடுகளுக்கு இலவசத் தபால் விநியோகம் தொடங்கியது. 1913 ஜனவரி 1 முதல் பார்சல் தபாலும் சேர்ந்துகொண்டது. அதன்பின் தொலைதூரப் பண்ணை வீடுகளுக்கும் துணிமணி, கருவிகள் என்று பலவும் தபாலிலேயே போய்ச் சேர்ந்தன.

இதே மாநிலத்தில்தான் ஒரு பெரிய கடைச் சங்கிலியும் பிறந்தது. ஜே.சி. பென்னி 1902ல் தன் முதல் கடையைத் திறந்தது கெம்மரர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில்தான். கடன் சொல்லி வாங்குவது சாதாரணமாக இருந்த அந்த ஊரில், ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை என்று அவர் வைத்த விதி பலித்தது.

இன்று அங்கே பொருள் வாங்க மூன்று வழிகள். அவசரத் தேவைக்கு உள்ளூர்க் கடை. மொத்தமாக வாங்க நீண்ட கார் பயணம். மற்றவற்றுக்கு ஆன்லைன். ஷையென்வாசிகளுக்குக் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் எழுபது கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் வடக்கே ஷெரிடனில் இருப்பவர்கள் மான்டனாவில் உள்ள பில்லிங்ஸ் நகரத்துக்குப் போக 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மருத்துவரைப் பார்ப்பது, காருக்கு டயர் மாற்றுவது, மளிகை வாங்குவது எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்வார்கள். மான்டனாவில் பொதுவான விற்பனை வரி கிடையாது என்பது கூடுதல் கவர்ச்சி.

ஆர்டர் பட்டனை அழுத்தியதும்...

வயோமிங்கில் ஒருவர் ஆன்லைனில் ஒரு ஜோடி பூட்ஸ் ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் மொத்தத் தொகை தோன்றுவதற்குள் சர்வரில் நான்கு வேலைகள் நடக்கின்றன.

1. முகவரியைச் சீராக்குதல்: வாடிக்கையாளர் டைப் செய்ததை அமெரிக்கத் தபால் துறையின் முகவரி டேட்டாபேஸுடன் ஒப்பிட்டு, எழுத்துப் பிழைகளையும் சுருக்கங்களையும் சாப்ட்வேர் சரிசெய்யும். இங்கேதான் முதல் சிக்கல். மக்கள் குறைந்த ஊர்கள் பலவற்றில் தபால் வீடு தேடி வராது. தபால் நிலையத்தில் உள்ள பி.ஓ. பாக்ஸில்தான் போய் எடுக்க வேண்டும். தனியார் கூரியர் நிறுவனங்களோ பொதுவாக பி.ஓ. பாக்ஸுக்கு டெலிவரி செய்வதில்லை. அவர்களுக்கு வீட்டு முகவரி வேண்டும். பார்சல் எதன் வழியாக வரும் என்று வாங்குபவருக்குத் தெரியாததால் பலர் இரண்டையும் எழுதுகிறார்கள். இரண்டாவது வரியை ஏற்காத படிவம் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

2. ஜிப் கோடைக் கண்டறிதல்: நம் பின்கோடு போன்ற இந்த ஐந்து இலக்க எண் 1963ல் அறிமுகமானது. 1983ல் மேலும் நான்கு இலக்கங்களைச் சேர்த்தார்கள். ஷையெனின் 82001 போல, வயோமிங் எண்கள் 82 அல்லது 83ல் தொடங்கும்.

3. வரி கணக்கிடுதல்: மாநில விற்பனை வரி 4 சதவீதம். இதற்கு மேல் ஒவ்வொரு கவுண்டியும் வாக்காளர்களின் ஒப்புதலோடு கூடுதல் வரி போடலாம். மொத்தம் 23 கவுண்டிகள் உள்ளன. பொருள் எங்கே போய்ச் சேருகிறதோ அந்த இடத்தின் வரிதான் பொருந்தும். 200 டாலர் பூட்ஸுக்குக் கூடுதல் வரி இல்லாத கவுண்டியில் 8 டாலர் வரி. ஒரு சதவீதம் கூடினால் 10 டாலர்.

ஜிப் கோடு என்பது தபால் விநியோகத்தின் வசதிக்காக ஏற்பட்டது. அது கவுண்டி எல்லையைப் பின்பற்றாது. ஒரே ஜிப் கோடு இரண்டு கவுண்டிகளில் பரவியிருக்கலாம். எனவே ஐந்து இலக்கத்தை மட்டும் வைத்து வரி கணக்கிட்டால் பணம் பக்கத்துக் கவுண்டிக்குப் போய்விடும். ஒன்பது இலக்க எண்ணையோ முழு முகவரியையோ பார்க்க வேண்டும்.

4. டெலிவரி கட்டணமும் தேதியும்: எடை, தூரம் ஆகியவற்றோடு, கூரியர் நிறுவனங்கள் தொலைதூரப் பகுதிகளுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் வசூலிக்கின்றன. அதற்கான ஜிப் கோடு பட்டியலை அவை வெளியிடுகின்றன. சாப்ட்வேர் அதைப் பார்த்துக் கட்டணத்தைச் சேர்க்கும். பனிக்காலத்தில் காற்றாலும் பனியாலும் அங்கு 80ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அடிக்கடி மூடப்படும். இதைக் கருதாமல் 'இரண்டு நாளில் டெலிவரி' என்று காட்டினால் புகார்தான் வரும்.

அந்தச் சில டாலர் யாருக்கு?

வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் விற்பனை வரி முக்கியமான வருவாய். அதில் ஒரு பங்கு உள்ளூர் நிர்வாகங்களுக்கும் போகிறது. ஆனால் 1992ல் க்வில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ அலுவலகமோ இல்லாத நிறுவனத்தை அங்கே வரி வசூலிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கியவர் தானே அதைப் 'பயன்பாட்டு வரி'யாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் கட்டியவர்கள் மிகக் குறைவு.

இதனால் உள்ளூர்க் கடைக்காரர் வரியைச் சேர்த்து விற்க, வெளியூர் வெப்சைட் வரி இல்லாமல் விற்றது. ஊருக்கு இரட்டை நஷ்டம். கடைக்கு வியாபாரம் குறைந்தது, நிர்வாகத்துக்கு வரி குறைந்தது.

நிலைமை மெதுவாகத்தான் மாறியது. 2017 மார்ச் முதல் அமேசான் வயோமிங்கில் வரி வசூலிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் வெளியூர் விற்பனையாளர்களும் வரி வசூலிக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் இயற்றியது. 2018 ஜூனில் சவுத் டகோட்டா மாநிலம் தொடர்ந்த வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் பழைய தீர்ப்பை மாற்றியது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்கும் நிறுவனம் எங்கிருந்தாலும் வரி வசூலிக்க வேண்டும் என்று மாநிலங்கள் கேட்கலாம் என்றானது.

வரி சமமானாலும் தூரம் குறையவில்லை. சுமார் ஆறாயிரம் பேர் வசிக்கும் பவல் ஊரில் துணிக்கடை ஒன்று மூடப்பட்டபோது, ஊர்மக்களே தலா 500 டாலர் பங்கு வாங்கிப் பணம் சேர்த்து 2002ல் பவல் மெர்கன்டைல் என்ற கடையைத் திறந்தார்கள். பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்க வேறு ஊருக்குப் போகக் கூடாது என்பதுதான் நோக்கம். பல ஆண்டுகள் நடந்த பிறகு அதுவும் மூடப்பட்டது. உள்ளூர்க் கடை இல்லாதபோது, ஒரு வெப்சைட் 'இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது' என்று சொன்னால் அங்கே இருப்பவர் மறுபடியும் காரை எடுக்க வேண்டியதுதான்.

ஷாப்பிங் தளம் உருவாக்குகிறீர்களா?

* முகவரிக்கு இரண்டு வரிகள் கொடுங்கள். வீட்டு முகவரியும் பி.ஓ. பாக்ஸும் தனித்தனியாக இருக்கட்டும்.
* சாப்ட்வேர் அடையாளம் காணாத முகவரியை உடனே நிராகரிக்காதீர்கள். 'இது சரிதானா?' என்று கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.
* வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள் எழுதிவைக்காதீர்கள். தேதியோடு தனி டேபிளில் வையுங்கள். விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.
* எந்தக் கூரியர் வழியாக அனுப்புகிறீர்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே காட்டுங்கள். எந்த முகவரியைக் கொடுப்பது என்று வாங்குபவரே முடிவு செய்துகொள்வார்.

நகரத்து முகவரிகளை மட்டும் கொடுத்துச் சோதித்தால் இந்தக் குறைகளில் எதுவும் கண்ணில் படாது. சோதனைப் பட்டியலில் ஒரு வயோமிங் முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.