அழிவிலிருந்து தப்பிய பேய்

1925-ஆம் ஆண்டு ஜெர்மானிய நீதிமன்றம் ஒன்று ஒரு திரைப்படத்துக்கு மரண தண்டனை விதித்தது. 'நோஸ்ஃபெராட்டு' என்னும் மௌனப் படத்தின் நெகட்டிவையும் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்பது தீர்ப்பு. படத்தின் மீதான குற்றச்சாட்டு ஆபாசமும் அன்று, அரசியலும் அன்று, பதிப்புரிமை மீறல்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897-இல் வெளிவந்தது. அவர் 1912-இல் மறைந்தபின் அதன் உரிமை மனைவி ஃபுளோரன்ஸைச் சேர்ந்தது. பெர்லினில் 'பிராணா' என்ற சிறு நிறுவனம் (ஆம், நமக்குத் தெரிந்த அதே பிராணன்தான்) அவரிடம் அனுமதி பெறாமலேயே அக்கதையைப் படமாக்கி 1922-இல் வெளியிட்டது. டிராகுலா பிரபு ஓர்லோக் பிரபு ஆனார். லண்டன் ஒரு ஜெர்மானியத் துறைமுக நகரமாயிற்று. ஆனால், மூலக்கதை ஸ்டோக்கருடையது என்பதைப் படத்தின் தொடக்க அறிவிப்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். நிறுவனமோ திவாலாகிவிட்டது. இழப்பீடு பெற வழியில்லாத நிலையில்தான் படத்தை அழிக்கும் கோரிக்கை எழுந்தது. ஆயினும் சில பிரதிகள் தப்பிவிட்டன.

தப்பியது எது என்பதைப் படத்தைப் பார்த்தால்தான் உணர முடியும். திடீர் ஓசையால் நம்மைத் துள்ள வைக்கும் இன்றைய பேய்ப் படங்களுக்குப் பழகியவர்களுக்கு, இயக்குநர் முர்னோவின் நடை முதலில் சலிப்பூட்டலாம். சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். இங்கே அச்சம் பாய்ந்து வருவதில்லை. மெல்ல நடந்து வருகிறது. உயிருள்ள மாலுமி ஒருவரும் இல்லாத கப்பல் ஓசையின்றித் துறைமுகத்துக்குள் நுழைகிறது. மாடிப்படியில் பேய் ஏறுவதில்லை, அதன் நிழல் மட்டுமே ஏறுகிறது. நீண்ட விரல்களின் நிழல் கதாநாயகியின் மார்பின் மீது படர்ந்து, இதயத்தைப் பற்றி இறுக்குகிறது, அவள் துடிக்கிறாள். தொடாமலே தொடும் அந்தக் கையை விடக் கொடியதொன்றைப் பிற்காலத் தொழில்நுட்பம் காட்டிவிடவில்லை என்பது என் கருத்து.

இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் வீதியில் நடமாடுபவர். பகலில் அவருடைய ஆற்றல் குறையுமே தவிர, உயிர் போகாது. காலைக் கதிர் பட்டு இரத்தக்காட்டேரி மறைந்துபோவது இந்தப் படம் சேர்த்தது. பின்வந்த படங்கள் பல அதைத் தொன்மையான நாட்டார் நம்பிக்கை போலவே எடுத்தாண்டன. அதாவது, திருடியவர்கள் தாங்களும் ஒன்றைப் படைத்திருக்கிறார்கள்.

வழக்கில் நியாயம் ஃபுளோரன்ஸின் பக்கமே இருந்தது. உழைப்பின் பலனை உரியவருக்குத் தராத சந்தையில் எழுத்து தழைக்காது. ஆனால், இழப்பீடு கேட்கும் உரிமை வேறு, அழிக்கும் உரிமை வேறு. நிலத்தை ஒருவர் உழும்போது இன்னொருவர் உழ முடியாது, கதை அப்படிப்பட்டதன்று. ஒருவர் படித்ததால் மற்றவருக்கு அது குறைவதில்லை. ஒரு பிரதியை எரிப்பதால் உரிமையாளரின் கைக்கு ஒரு காசும் வந்து சேர்வதுமில்லை.

உரிமை முற்றிலும் கைநழுவினாலும் துன்பம்தான். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-இல் வெளியானபோது, விநியோகஸ்தர் தலைப்பை மாற்றினார். அப்போது பதிப்புரிமை அறிவிப்பும் விடுபட்டுப் போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையேல் உரிமையும் இல்லை. எவரும் திரையிடலாம், எவரும் விற்கலாம் என்றானது. எழுந்து நடக்கும் பிணங்கள் உலகெங்கும் பரவின. படைத்தவர்களுக்கு வர வேண்டிய வருவாயில் பெரும்பகுதி வராமலே போயிற்று.

ஃபுளோரன்ஸிடம் முறைப்படி உரிமை பெற்று, பேலா லுகோசி நடிப்பில் யுனிவர்சல் நிறுவனம் 1931-இல் எடுத்த 'டிராகுலா'வின் பதிப்புரிமை, 95 ஆண்டுக் காலம் முடிந்து, 2027 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமையாகிறது. எரிக்கச் சொன்ன 'நோஸ்ஃபெராட்டு'வோ இணையத்தில் இப்போதே கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.