பழைய விளையாட்டும் புதிய பெட்டியும்



ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் கழித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன், தொலைக்காட்சியில் ஆடும் பழைய வீடியோ கேமைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1998-ஆம் ஆண்டில் என் மகன் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. அவன் மாலைதோறும் ஆடிவந்த வீடியோ கேமை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "பொதுத்தேர்வு முடிந்ததும் தருகிறேன்" என்று வாக்களித்தேன். தேர்வு முடிந்தது, நன்றாகவே எழுதியிருந்தான், நான் தரவில்லை. அவனும் கேட்கவில்லை. சென்ற கோடை விடுமுறைக்கு வந்த என் பேத்தி அந்தப் பெட்டியைத் திறந்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டபோதுதான் அந்த வாக்கு என் நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு மகன் வருவதாக இருந்தான். அதற்குள் அதை இயங்கச் செய்துவிடுவது என்று உறுதி பூண்டேன். அம்முயற்சியில் நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

1983-ஆம் ஆண்டு ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதைப் பின்பற்றிச் செய்யப்பட்ட நகல் கருவிகள் 1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்றன. எங்கள் வீட்டில் இருந்ததும் அத்தகையதே. விளையாட்டுகள் கேசட் என்று நாம் அழைத்த சிறு பெட்டிகளில் அடங்கியிருக்கும். 1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் அளவே. கைப்பேசியில் இன்று நாம் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது.

முதல் வேலை மின்சாரம். பழைய அடாப்டரைக் கண்ணை மூடிக்கொண்டு செருகக் கூடாது. கருவியின் அடியில் எத்தனை வோல்ட் என்றும், செருகியின் நடுமுனை நேர்முனையா, எதிர்முனையா என்றும் குறித்திருக்கும். என் கருவிக்கு 9 வோல்ட். அடாப்டரின் கம்பி வெடித்திருந்ததால், அதே அளவில், அதே முனை அமைப்பில் புதியது ஒன்று வாங்கினேன். முனை மாறினால் கருவி கெட்டுப்போகலாம்.

இரண்டாவது வேலை துப்புரவு. கேசட் இயங்காவிட்டால் பிள்ளைகள் அதன் வாயில் 'பூ' என்று ஊதி மீண்டும் செருகுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊதியதால்தான் இயங்கிற்று என்று அவர்கள் நம்பினார்கள். உண்மை அதுவன்று. எடுத்து மறுபடி செருகும்போது உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து நன்றாகப் பொருந்துகின்றன. பயன் அதனால் விளைவதே. வாயின் ஈரமோ அத்தகடுகளை நாளடைவில் அரித்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, தகடுகளைத் துடைத்து, நன்கு உலரவிட்டுச் செருகுவதே முறை.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். பழைய கருவியின் முதுகில் மஞ்சள், வெள்ளை என இரண்டு வட்டத் துளைகள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. என் புதிய தொலைக்காட்சியிலோ எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளை மட்டுமே இருந்தது. துளையின் வடிவம் மட்டுமா வேறு? இரண்டும் பேசும் மொழியே வேறு.

இதை வகுப்பறை உவமையால் விளக்குகிறேன். ஆசிரியர் சொல்வதெழுதுதல் நடத்துகிறார். ஒரு மாணவன் சொல் காதில் விழுந்ததும் பலகையில் எழுதிவிடுகிறான். இன்னொருவன் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டு மனத்தில் கொண்டு, பின்னர் அதைப் பெரிய தாளில் அழகாக எழுதித் தருகிறான். படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சி முதல் மாணவன். கருவி அனுப்பும் குறிப்பு வர வர, மின்னணுக் கற்றை அதைத் திரையில் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். புதிய தொலைக்காட்சி இரண்டாம் மாணவன். பழைய கருவியின் படம் அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 வரிகளுமே கொண்டது. புதிய திரையிலோ 1080 வரிகள், சிலவற்றில் 2160 வரிகள். சிறிய படத்தைத் தன் நினைவகத்தில் வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிய பிறகே அது காட்டுகிறது.

ஆகவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அதுதான் ஏவி–எச்.டி.எம்.ஐ. மாற்றி என்னும் உள்ளங்கை அளவுப் பெட்டி. இங்கே நானே ஒரு தவறு செய்தேன். எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும் கடையில் உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உறையைப் படிக்காமல் தலைகீழானதை வாங்கி வந்துவிட்டேன். 'வினாவை நன்கு படித்துவிட்டு விடை எழுது' என்று ஆயிரம் மாணவர்களுக்குச் சொன்னவன் நான்! இன்னொரு செய்தியும் நினைவிலிருக்கட்டும்: இந்த மாற்றிக்கும் 5 வோல்ட் மின்சாரம் தனியே தர வேண்டும்.

சரியான பெட்டியை இணைத்ததும் படம் வந்தது. ஆனால் மரியோ பருத்துக் குள்ளமாய் நின்றான். பழைய படம் நான்குக்கு மூன்று என்னும் அளவினது. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. தொலைக்காட்சியின் அமைப்பில் 4:3 என்பதைத் தேர்ந்ததும் அவன் பழைய உருவம் பெற்றான்.

அடுத்த குறையைப் பேத்தி கண்டுபிடித்தாள். "தாத்தா, நான் சரியாகத்தான் அழுத்துகிறேன், அவன் தாமதமாகக் குதித்துப் பள்ளத்தில் விழுகிறான்" என்றாள். குழந்தை சாக்குச் சொல்கிறாள் என்றே முதலில் நினைத்தேன். அவள் சொன்னது மெய். இரண்டாம் மாணவன் அழகாக எழுத எடுத்துக்கொள்ளும் நேரமே அந்தத் தாமதம். நொடிக்கு 50 அல்லது 60 படங்கள் ஓடும் ஆட்டத்தில் ஐந்தாறு படங்கள் பின்தங்கினாலும் கை உணர்ந்துவிடும். தொலைக்காட்சியின் அமைப்பில் 'கேம் மோடு' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தால், மெருகேற்றும் வேலைகளில் பலவற்றை விட்டுவிட்டுப் பெட்டி விரைந்து காட்டும். குறை முழுதும் நீங்கவில்லை; ஆடுவதற்குத் தடையும் இல்லை.

ஒன்று மட்டும் கைகூடவில்லை. வாத்து சுடும் ஆட்டத்துக்குரிய துப்பாக்கி புதிய திரையில் பயன்படாது. விசையை இழுத்ததும் திரை கணப்பொழுது கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். அந்த ஒளி உரிய கணத்தில் துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணரிக்கு எட்டினால் குறி தப்பவில்லை என்று பொருள். படக்குழாயின் ஒளித்துடிப்புக்கென்றே அமைந்த கண் அது. புதிய திரையில் அந்தத் துடிப்பும் இல்லை. உரிய கணமும் தவறிவிடுகிறது.

துப்பாக்கியும் வேண்டும், தாமதமும் கூடாது என்பவர்கள் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியையே தேடிப் பெறலாம். ஆனால் அதன் பின்மூடியைத் திறக்காதீர்கள். வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. செருகியைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கக்கூடும்.

பழைய கருவியே இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் ரெட்ரோபை என்னும் இலவச மென்பொருளை ஏற்றினால், அது பழைய கருவியைப் போல நடிக்கும். மேடையில் நடிகர் அரிச்சந்திரனாவதைப் போன்றது இது. உடல் வேறு, சொல்லும் செயலும் அவனுடையவை. எச்.டி.எம்.ஐ. இணைப்பு அதிலேயே அமைந்திருப்பதால் மாற்றியும் வேண்டாம். ஆயினும் விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. பிறர் உடைமையைக் களவில் இறக்கிக்கொள்வது முறையன்று.

தீபாவளியன்று மாலை மகனைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தி, கருவியை அவன் கையில் கொடுத்தேன். "பொதுத்தேர்வு முடிந்ததும் தருகிறேன் என்றேன், தரவில்லை. தவறு என்னுடையது" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, இரண்டாவது ஆட்டக்காரர் வேண்டுமே" என்று மற்றொரு கைப்பிடியை என்னிடம் நீட்டினான். நான் முதற்பள்ளத்திலேயே விழுந்தேன். பேத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

கருவியின் தாமதம் நொடியில் ஒரு சிறு பங்கு. அதையே கை பொறுக்கவில்லை. என் தாமதமோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல். பிள்ளைகளின் விளையாட்டுக்கு நேர வரையறை வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் வரையறுத்தவன் தன் வாக்கையும் காக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி பூட்டிக்கிடக்கக்கூடும். இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். ஊத மட்டும் வேண்டாம்.