முதல் கேமரா: முதலில் லென்ஸ், பிறகு பாடி

சின்ன டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துப் பழகியவர் அடுத்த கேமரா வாங்கக் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, “இது எத்தனை மெகாபிக்சல்?” அந்தக் கேள்வியை இனி விட்டுவிடலாம். 24 மெகாபிக்சல் படத்தை 20 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிட முடியும். இன்றைய தொடக்கநிலைக் கேமராக்கள் எல்லாமே ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கின்றன. திருப்பூர் பக்கத்துச் சேவூரில் இருந்துகொண்டு நீங்கள் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள், அங்கே வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரத்தில் நின்று எடுப்பீர்கள் என்பதை யோசித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கேமராவை முடிவு செய்ய அது போதும்.

முதலில் சென்சார். பெரும்பாலான பாயிண்ட் அண்ட் ஷூட் கேமராக்களில் ஒளியை வாங்கும் சில்லின் அளவு சுமார் 6.2 க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு நிகான், சோனியில் சுமார் 23.5 க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் 13 மடங்கு. மாலை ஆறரை மணிக்கு நிலக்கடலைக் காட்டில் எடுத்த படம் பழைய கேமராவில் புள்ளி புள்ளியாகக் கலங்கிப் போவதும், புதியதில் தெளிவாக வருவதும் இதனால்தான். ஃபுல் ஃபிரேம் இதை விடப் பெரியது, ஆனால் அதன் லென்ஸ்களின் விலையும் எடையும் வேறு. முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி போதும் என்பது என் உறுதியான கருத்து.

இனி லென்ஸ். கேனான் ஆர்50 பாடியுடன் வரும் 18-45 கிட் லென்ஸை 45-க்கு இழுத்தால் அதன் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, 6.3 தான். இந்த எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது. தனியாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ் அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விலை உயர்ந்த பாடியில் கிட் லென்ஸ் மாட்டி எடுப்பவரை விட, எளிய பாடியில் இந்த 50-ஐ மாட்டி எடுப்பவர் கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் நல்ல படம் எடுப்பார். பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும். கையில் இருக்கும் பணத்தில் பாதியையாவது லென்ஸுக்கு ஒதுக்குங்கள்.

நம் பக்கத்தில் கேமரா வாங்கும் பலருக்கு முதல் வேலை பனியன் படம். சாம்பிள் பீஸை ஹேங்கரில் மாட்டி, படம் எடுத்து, பையருக்கு அனுப்ப வேண்டும். பின்னல் துணி கேமராவைச் சோதிக்கிற மாதிரி வேறெந்தப் பொருளும் சோதிக்காது. ரிப் துணி டீ-ஷர்ட்டைக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். துணியில் இல்லாத வளைவு வளைவான கோடுகள், சில நேரம் பச்சையும் ஊதாவுமாக, திரையில் நெளியும். துணியின் கண்ணிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கின்றன, சென்சாரின் புள்ளிகளும் அப்படியே. இரண்டு நுண்ணிய வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது மூன்றாவதாக ஒரு கோலம் பிறக்கிறது. மொய்ரே என்று இதற்குப் பெயர். இதைக் குறைக்க சென்சாருக்கு முன்னால் மெல்லிய ஃபில்டர் ஒன்று வைப்பது வழக்கம். படம் இன்னும் கூர்மையாக வரட்டும் என்று சில கேமராக்களில் அதை எடுத்துவிட்டார்கள், நிகான் டி3500, டி5600 அப்படிப்பட்டவை. துணி எடுப்பதே பிழைப்பு என்றால், ஃபில்டர் உள்ள கேமராவா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாத கேமராவிலும் வழி உண்டு: ஓரடி முன்னே போங்கள், அல்லது கோணத்தைச் சற்றே திருப்புங்கள், அல்லது அபெர்ச்சரை 16-க்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் கோடுகள் மறைந்துவிடும்.

பனியன் கம்பெனிக்குள் டியூப் லைட், எல்இடி விளக்குகள் பலவும் மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள், சைலன்ட் ஷட்டரை அணைத்துவிடுங்கள். நிறம் இன்னொரு தலைவலி. ஷேடு ஒரு துளி மாறினாலும் பையர் கேள்வி கேட்பார். அதனால் ஒரு சாம்பல் நிற அட்டையைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து முதல் படத்தை எடுத்து, ஒயிட் பேலன்ஸை அதை வைத்துச் சரிசெய்ய வேண்டும். ரா ஃபார்மட்டில் எடுத்தால் இந்தத் திருத்தம் எளிது.

பஞ்சைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நிட்டிங் மெஷின் ஓடும் இடத்திலும் விசைத்தறிக் கூடத்திலும் காற்றில் பஞ்சு மிதக்கிறது. அங்கே லென்ஸைக் கழற்றி மாட்டினால் அது நேராகச் சென்சாரில் போய் ஒட்டும், பிறகு ஒவ்வொரு படத்திலும் கறுப்புப் புள்ளி. லென்ஸை வெளியே, காற்றில்லாத இடத்தில், பாடியின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மாற்றுங்கள். அடிக்கடி மாற்ற முடியாது என்றால் ஒரே லென்ஸோடு உள்ளே போங்கள்.

பறவை பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. திருப்பூருக்கு அருகில் உள்ள நஞ்சராயன் குளம் 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் தலமானது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வருகின்றன. கிட் லென்ஸில் அவை வெறும் புள்ளிகள்தான். குறைந்தது 250 மில்லிமீட்டர் வேண்டும், 400 இருந்தால் நிம்மதி. அவ்வளவு செலவு முடியாது, பறவையை அடையாளம் காண்பதுதான் நோக்கம் என்றால், நிகான் பி950 போன்ற நீண்ட ஜூம் கேமராவே பொருத்தம். சென்சார் சிறியதுதான், விடியற்காலையில் படம் கலங்கும், ஆனால் வெயில் வந்ததும் கரையில் நின்றபடியே வாத்தின் தலைக் கோட்டைக் காட்டிவிடும்.

வேலைக்கேற்ற கருவி என்பதற்கு நல்ல உதாரணம், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர்ப் படக்கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912-1996). அவர் பல உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனமான கேமராவில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். தன் வேலைக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, கருவியை அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்.

பழைய கேமரா வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மில்லிமீட்டர் 1.8 டி லென்ஸை வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, ‘ஏஎஃப்-எஸ்’ என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும். கேனானின் எம் வரிசை நின்றுபோய்விட்டது, அதற்குப் புது லென்ஸ் வரப்போவதில்லை. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு இன்றைய ஆர் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம், அதனால் பழைய டிஎஸ்எல்ஆரில் தொடங்குகிறவருக்கு அவை வீண் போகாது. சிக்மா, டாம்ரான் போன்ற வேறு கம்பெனி லென்ஸ்கள் நிறைய வேண்டும் என்றால் சோனி. எதை வாங்கினாலும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். புதிதென்றால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாத கேமராவுக்கு வாரண்டியும் இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கல்யாணப் படம் எடுப்பவர்களுக்குக் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குத் தருகிறவர்கள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். நீங்கள் நினைத்திருக்கும் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் துணியையோ உங்கள் குளத்தையோ எடுத்து, படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் பிடிப்பதே சிரமமாக இருந்தால், எவ்வளவு பேர் பாராட்டிய கேமராவானாலும் அதை வாங்காதீர்கள்.