விளையாட்டு மருத்துவம்: அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

'ஸ்போர்ட்ஸ் மெடிசின்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, கையில் பையோடு மைதானத்துக்குள் ஓடி, விழுந்து கிடக்கும் ஆட்டக்காரரின் காலில் ஸ்ப்ரே அடிக்கிற ஒருவர்தான். பெரும்பாலும் அவர் டாக்டர்கூட இல்லை, பிசியோதெரபிஸ்ட். பிரிட்டனில் இந்தத் துறையின் முழுப்பெயர் 'விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி மருத்துவம்'. அந்த இரண்டாவது சொல் எதற்கு ஒட்டிக்கொண்டது என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு. விளையாட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிற, நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிற ஆட்களுக்குத்தான் இந்தப் படிப்பு அதிகம் பயன்படும் என்பது என் கட்சி.

டிரைவரும் கண்டக்டரும்

1953ல் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். லண்டன் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த, 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களைப் பற்றியது. அங்கே ஓடியவை இரட்டை மாடி பஸ்கள். டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே புகை, ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. வந்தவுடனேயே இறந்துபோவதும் அவர்களிடம்தான் அதிகம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஏற்கெனவே குண்டாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? மோரிஸ் குழுவும் இதை விடவில்லை. 1956ல் சீருடைத் தையல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பளவு பெரிசுதான், இளம் வயதிலேயே. ஆக சந்தேகத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் ஒல்லியானவர், பருத்தவர் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டர்களின் நிலைமையே மேலாக இருந்தது. தபால் துறையில் கடிதம் பட்டுவாடா செய்தவர்களையும் மேசை வேலைக்காரர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குதான்.

உடற்பயிற்சி என்பது வெறும் நல்ல பழக்கம் அல்ல, நோயைத் தடுக்கிற ஒரு மருந்து என்று பேசுவதற்கான அடித்தளம் இங்கேதான் விழுந்தது. துறையின் பெயரில் இருக்கிற அந்த இரண்டாவது சொல்லின் வேர் இதுதான்.

எம்எஸ்சி வேறு, சிறப்பு மருத்துவர் வேறு

பிரிட்டன் இதைத் தனி மருத்துவச் சிறப்புத்துறையாக ஏற்றது 2005ல். லண்டனுக்கு 2012 ஒலிம்பிக் கிடைத்ததும் அதே ஆண்டுதான். 2006ல் இதற்கென ஒரு மருத்துவர் அமைப்பும் வந்தது.

படிக்க நினைப்பவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. லண்டன் குயின் மேரி போன்ற பல்கலைக்கழகங்கள் இந்தப் பெயரிலேயே எம்எஸ்சி நடத்துகின்றன. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு. டாக்டர்களும் சேரலாம், பிசியோதெரபிஸ்டுகளும் சேரலாம். ஆனால் அதை முடித்ததால் மட்டும் ஒருவர் அங்கே 'கன்சல்டன்ட்' ஆகிவிட மாட்டார். அதற்கு மருத்துவப் பட்டம், 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சி, பிறகு பொது மருத்துவம் போன்ற ஒன்றில் சில ஆண்டுகள், அதற்கும் பிறகு 4 ஆண்டு சிறப்புப் பயிற்சி என்று நீண்ட பாதை இருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வுக்கும் கத்திக்கும் நடுவே

சரி, உள்ளே என்ன படிக்கிறார்கள்? ஓர் உதாரணம் சொல்கிறேன். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணில் மாதக்கணக்கில் வலி. வழக்கமாகக் கிடைக்கும் பதில் இரண்டு: ரெஸ்ட் எடுங்க, இல்லேன்னா ஆபரேஷன். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. ஆபரேஷன் செய்ய அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டார். வலியை மோசமாக்கினாலாவது ஒப்புக்கொள்வார் என்று வலிக்க வலிக்கப் பயிற்சி செய்திருக்கிறார். வலி போய்விட்டது!

1998ல் இதை 15 ஓட்டக்காரர்களிடம் சோதித்து வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலிக்கிற காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற மற்றக் காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை. மொத்தம் நாளைக்கு 180 தடவை, 12 வாரம். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். சின்ன ஆய்வுதான், பின்னால் வந்தவற்றில் இவ்வளவு சுத்தமான பலன் இல்லை. ஆனாலும் சிகிச்சையின் திசை மாறியது. நாள்பட்ட தசைநாண் வலியில் வீக்கத்தைவிடத் தேய்மானம்தான் பெரிய பிரச்சினை. அதனால் ஓய்வு மட்டும் கொடுத்தால் தசைநாணின் தாங்குதிறன் இன்னும் குறையும். அளவாகச் சுமை ஏற்றினால்தான் அது தேறும்.

அந்த 'அளவாக' என்பதுதான் இந்தப் படிப்பின் சாரம் என்று எனக்குப் படுகிறது. எவ்வளவு சுமை, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும்? தலையில் அடிபட்டவர் எத்தனை படிநிலை தாண்டி ஆட்டத்துக்குத் திரும்பலாம்? யாருடைய இதயத்தை முன்கூட்டியே சோதிக்க வேண்டும்? 2012ல் லண்டனில் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்த கால்பந்து வீரர் ஃபப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் துடிக்கவில்லை. ஆனாலும் பிழைத்தார். மைதானத்திலேயே தொடங்கிய சிகிச்சைக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. சர்க்கரை நோயாளிக்கும் மூட்டு தேய்ந்த பாட்டிக்கும் பயிற்சியை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதும் இதே பாடத்திட்டத்தில்தான் வருகிறது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் விளையாட்டு மருத்துவத்தில் எம்டி பட்டம் உண்டு. பட்டியாலாவில் 1961ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் டாக்டர்களுக்கான டிப்ளோமா நடத்தியிருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் விளையாட்டுக் காய மையம் வந்தது. கவனித்தீர்களா? அங்கே ஒலிம்பிக், இங்கே காமன்வெல்த். பெரிய போட்டி வந்தால்தான் இந்தத் துறைமேல் வெளிச்சம் விழுகிறது. பதக்கத்துக்காகக் கட்டுகிறோம், சரிதான். ஆனால் கண்டக்டர் ஆய்வு சொன்ன பாடம் சாதாரண உழைப்பாளிக்கானது.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. "டெய்லி வாக்கிங் போங்க" என்று டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம், எந்த வகைப் பயிற்சி என்று நாலு கேள்வி கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது 2 நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. மாத்திரைச் சீட்டில் 'தினமும் மாத்திரை சாப்பிடவும்' என்று மட்டும் எழுதியிருந்தால் விடுவோமா? எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்போம் இல்லையா, அதேதான்.