சின்னமலைச் சுனையும் சைரீன் சுனையும்

சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது சின்னமலை. அங்கே பாறைக்குள் குறுகலான ஒரு குகை. பகைவர் துரத்தியபோது இயேசுவின் சீடரான புனித தோமையார் அதில்தான் ஒளிந்திருந்தார் என்பார்கள். அவர் தப்பிய துவாரத்தையும், அவர் தட்டியதும் பாறையிலிருந்து பீறிட்டதாகச் சொல்லப்படும் சுனையையும் இன்றும் காட்டுகிறார்கள். கதை கி.பி. முதல் நூற்றாண்டினுடையது, பக்கத்தில் தேவாலயம் எழுந்ததோ 1551இல். கட்டியவர்கள், 1520களில் மயிலாப்பூர்க் கரையில் குடியேறிய போர்ச்சுகீசியர். அந்நியக் கரையில் காலூன்றியவர்களுக்கு, தங்கள் ஆள் ஒருவர் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து தண்ணீர் எடுத்துவிட்டார் என்பது எவ்வளவு வசதியான பத்திரம்! ஒரு குடியேற்றத்தின் பிறப்புக் கதை, அது பிறந்த நாளைவிட அதைச் சொன்னவர்களின் நாளைப் பற்றியே அதிகம் பேசும் என்பது என் கட்சி.

இதற்கு நல்ல சாட்சி பழைய கிரேக்கர்கள். தேரா என்ற சிறு தீவிலிருந்து போனவர்கள் கி.மு. 630 வாக்கில் இன்றைய லிபியாவில் சைரீன் நகரை நிறுவினார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதற்கு இரண்டு கதைகளைப் பதிவு செய்கிறார். தேராக்காரர்களின் கதையில், டெல்பி கோயிலின் அருள்வாக்கை மதிக்காததால் தீவில் ஏழாண்டு மழை பொய்த்தது. அதன்பிறகுதான் ஆட்களை அனுப்பினார்கள். சைரீன்காரர்களின் கதையிலோ, தலைவன் பட்டோஸ் ஓர் இளவரசியின் மகன்; திக்குவாய்க்கு வழி கேட்கப் போனவனை டெல்பியே மன்னனாக்கி அனுப்பியது. தாய்நாடு தன் அதிகாரத்தையும், குடியேறிய ஊர் தன் அரச குலத்தையும் தூக்கிப் பிடிக்கின்றன. கடைசியில் லிபியர்களே அவர்களை அழைத்துப் போய் அப்பல்லோவின் சுனையைக் காட்டுகிறார்களாம். இங்கும் ஒரு சுனை! உள்ளூர்க்காரன் வழிகாட்டியாக மட்டும் வருவதையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் சுவையானது சைரீனில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு. முதல் குடியேறிகள் எடுத்த சத்தியம் என்று ஒன்றை அது எடுத்துக்காட்டுகிறது. சத்தியத்தை மீறுபவன் உருகிப் போகட்டும் என்று மெழுகுப் பொம்மைகளை எரித்தார்களாம். ஐந்தாண்டு துன்பப்பட்டும் ஊர் நிலைக்காவிட்டால் திரும்பி வரலாம் என்கிறது அந்தச் சத்தியம். ஹெரோடோட்டஸின் கதையிலோ, திரும்பி வந்தவர்களைக் கரையிறங்க விடாமல் தேராக்காரர்கள் அடித்து விரட்டுகிறார்கள். கல்வெட்டு ஏன் இவ்வளவு இனிமையாகப் பேசுகிறது? அது வெட்டப்பட்டதே, தேராவிலிருந்து வந்தவர்களுக்கும் சைரீனில் சம குடியுரிமை தருவதற்குத்தான்.

தோமையார் கதை போர்ச்சுகீசியர் புனைந்தது அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்க்கோ போலோ இக்கரையில் அவர் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் மரபோ அதைவிடப் பழையது. ஆனால் மார்க்கோ போலோ கேட்ட கதையில், மயில் வேட்டையாடியவன் எய்த அம்பு தவறிப் பட்டு அவர் இறக்கிறார். பின்னால் வலுப்பெற்ற கதையில் பகைவன் ஈட்டியால் குத்திக் கொல்கிறான். 1547இல் பரங்கிமலையில் அடித்தளம் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவையைத் தோமையாரின் உயிர்த்தியாகத்தோடு இணைத்தார்கள். அதிலுள்ள எழுத்தோ அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய பாரசீகப் பஹ்லவி. கதையின் விதை பழையதுதான். எந்தப் பாறை, எந்தச் சுனை என்று இடம் குறித்ததில் குடியேறியவர்களின் கை இருக்கிறது. மயிலையின் திருவிழாக்களை ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார் என்பது அவர்களுக்குத் தேவைப்படாத செய்தி.

ஆவணம் இருந்தால் கதைக்கு வேலையில்லை என்பதும் சரியில்லை. 1639இல் ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்னையில் நிலம் கிடைத்ததற்குத் தாமர்ல வெங்கடப்ப நாயக்கரின் சாசனமே இருக்கிறது. அவர் எதிர்பார்த்தது வணிகமும் பாரசீகக் குதிரைகளும்; கம்பெனிக்கு வேண்டியது மலிவான துணி. அப்படியிருந்தும் கம்பெனியின் ஆள் பிரான்சிஸ் டே இந்த மணற்பரப்பைத் தேர்ந்தது சாந்தோமில் இருந்த காதலிக்காக என்ற வம்பு இன்றும் ஓயவில்லை. மார்சேய் நகரத்துக்கும் கிரேக்கர்கள் இப்படித்தான் ஒரு பெண்ணை வைத்துக் கதை சொன்னார்கள்: உள்ளூர் மன்னன் மகள் விருந்தில் கிண்ணத்தை நீட்டி வந்தேறியை மணாளனாகத் தேர்ந்தாளாம்.

சின்னமலைக்கு அருகிலேயே இதற்கு எதிர்ச்சான்றும் இருக்கிறது. 1726இல் அடையாற்றின் மேல் தன் சொந்தச் செலவில் பாலம் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். அதைச் சொல்லும் கல்வெட்டு சைதாப்பேட்டையில் இருந்தது. பழைய பாலம் போய், இன்றைய பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர். உஸ்கானுக்கு அற்புதமும் இல்லை, காதலியும் இல்லை. அவர் பெயரால் இந்த ஊரில் உரிமை கோர ஒரு கூட்டம் பெருகவும் இல்லை.