பேராதனைக்குப் போகிற பஸ்ஸில் தூங்கிவிடாதீர்கள்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் சரிவிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டுவது உள்துறைமுகம். அதற்கும் அப்பால், மூதூர்ப் பக்கம் விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவில்தான் மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலில் விழுகிறது. மலைநாட்டில் அதே கங்கை, கண்டி நகரைத் தாண்டிச் சற்றுத் தள்ளி ஒரு நிலத்தை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் 147 ஏக்கர்தான் பேராதனை தாவரவியல் பூங்கா.

திருகோணமலைப் பாடசாலைகள் சுற்றுலா என்றால் பேராதனையை விடுவதில்லை. பிள்ளைகள் போகிறார்கள், பெரிய புல்வெளியில் ஓடுகிறார்கள், சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறார்கள், பஸ் ஏறுகிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் “பூ” என்பார்கள். அவர்களில் குற்றமில்லை. அந்த இடம் எதற்காக உண்டானது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பூவுக்காக உண்டானது அல்ல அது. எந்தப் பயிரை நட்டால் காசு வரும் என்று பிரித்தானிய அரசு பரிசோதித்துப் பார்த்த நிலம். முதல் தோட்டம் 1810இல் கொழும்பு கொம்பனித்தெருவில் போடப்பட்டது. லண்டன் கியூ பூங்காவின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. அங்கே இன்றும் கியூ வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. 1813இல் அது களுத்துறைக்கு மாறியது. கண்டி இராச்சியம் 1815இல் விழுந்தபின் மலைநாட்டு மண்ணும் மழையும் கைக்கு வந்தன. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் செடிகளைப் பேராதனைக்குக் கொண்டுபோனார். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் அரச தோட்டமாக இருந்த இடம் அது. முதலில் அங்கே நட்டவற்றில் கோப்பியும் கறுவாவும் இருந்தன.

கோப்பியின் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பூங்கா வேறு மாதிரித் தெரியும். 1869இல் கோப்பி இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படிந்தது. விரல் வைத்தால் ஒட்டும். அப்போது பேராதனைக்குப் பொறுப்பாக இருந்த துவெய்ற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சணம் என்று அங்கே கண்டறிந்து பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி, நோய் நிற்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைச் செடி அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பேராதனையில் வளர்ந்துகொண்டிருந்தது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் தம்புள்ளையில் திரும்பி மாத்தளை வழியாக ஏறுகிறதே, அந்தப் பாதையில்தான் மன்னாரில் இறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகப் போனார்கள். காட்டு வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. செடி எங்கிருந்து வந்தது, எந்தத் துரை நட்டான் என்று பூங்காவில் பலகை உண்டு. அந்தச் செடிக்காக நடந்து வந்தவர்களுக்கு ஒரு பலகை வைத்தால் என்ன?

காய்ச்சல் மருந்துக்கும் ஒரு பூங்கா உண்டு. நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் பத்துக் கிலோமீற்றர் போனால் ஹக்கல. மலேரியாவுக்கான கொயினா எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்க 1861இல் தொடங்கப்பட்டது. கோப்பி சரிந்தபோது தோட்டக்காரர்கள் எல்லோரும் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். பட்டை சந்தையில் குவிந்து விலை விழுந்தது. இன்று ஹக்கலைக்குப் போவது ரோசாவுக்கும், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரப்பன்னங்களுக்கும், குளிருக்கும். வழியில் சீதா எலியவில் சீதை அம்மன் கோவில். அசோகவனம் இந்தப் பக்கம்தான் என்பது ஊர் நம்பிக்கை. சித்திரை விடுமுறையில் மட்டும் போகாதீர்கள். செடியைவிட வாகனம்தான் கூட.

கம்பஹாவில் இருக்கும் ஹெனரத்கொட பூங்கா நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இத்தனைக்கும் நமது கொழும்பு ரயில் கம்பஹாவைக் கடந்துதான் போகிறது. 1876இல் பிரேசிலிலிருந்து கியூவுக்குப் போன இறப்பர் விதைகள் அங்கே முளைத்தன. 1,919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. அவற்றை நடவே ஹெனரத்கொட உண்டானது. ஆசியாவின் முதல் இறப்பர் மரம் என்று காட்டப்பட்ட மரம் 1988இல் சாய்ந்தது. அலங்காரம் குறைவு, கூட்டமும் குறைவு. எனக்குப் பிடித்த பூங்கா இதுதான்.

மறுபடி பேராதனை. போகிறவர்கள் தவறவிடக் கூடாதவை சில. சீசெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய்: உலகத்திலேயே மிகப் பெரிய விதை, ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டுகள். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரம். 1887இல் வரிசையாக நடப்பட்ட பனை ஒழுங்கை. யாழ்ப்பாணத்து உறவினரைக் கூட்டிப் போனால் பனையைப் பார்க்கவா கண்டிக்கு வந்தோம் என்று நிச்சயம் கேட்பார்கள். பழந்தின்னி வௌவால்கள் பகலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் மரங்களுக்கு அடியில் மட்டும் நிற்க வேண்டாம், காரணம் மேலேயிருந்து விழும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு என்பதால், கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவுடன் போகிறவர்கள் கவுண்டரில் தர்க்கப்படத் தயாராகப் போகலாம்.

இனி, நம் பக்கம். நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வறண்ட வலயம். வடக்கும் கிழக்கும் முழுக்க அதற்குள். கோப்பியும் சிங்கோனாவும் தேயிலையும் இங்கே வராது. ஆகவே அரசு இங்கே பூங்கா போடவில்லை. வறண்ட வலயத்துக்கென்று இன்றுள்ள தாவரவியல் பூங்கா அம்பாந்தோட்டைக்கு அருகே மிரிஜ்ஜவிலவில் 300 ஏக்கரில் திறக்கப்பட்டது 2013இல்தான். பேராதனைக்குப் பிறகு 192 ஆண்டுகள். அதுவும் தெற்குக் கோடியில்.

நம் காட்டைத் தாவரவியலாளர் அறியாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் திருகோணமலையில் பணிபுரிந்த கிளெனி என்ற அங்கிலிக்கன் பாதிரியார் இங்குள்ள செடிகளைச் சேகரித்துத் துவெய்ற்ஸுக்கு அனுப்பிவந்தார். ‘கிளெனியா’ என்றொரு தாவரப் பேரினமே அவர் பெயரில் இருக்கிறது. செடிகள் உலர்ந்து பேராதனை உலர்தாவரகத்துக்குப் போயின. பூங்கா மட்டும் இங்கே வரவில்லை.

மரம் இல்லாத ஊரா இது? சாவண்டலை மரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த வியாபாரப் பெயரே ‘திருகோணமலை மரம்’. சிங்களத்தில் ஹல்மில்ல. சென்னையில் துறைமுகம் கட்டுமுன், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்த மசூலா படகுகள் இந்தப் பலகையிலும் செய்யப்பட்டன. கருங்காலியும் முதிரையும் தளபாடக்காரர் சொல்லித் தெரியும். பாலையை வாய்க்குத் தெரியும்: ஆனி, ஆடியில் சந்தையில் குவித்து விற்கும் சின்ன மஞ்சள் பழம், நாலு தின்றால் பால் பட்டு உதடு ஒட்டிக்கொள்ளும். பழத்தைத் தின்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மரத்தைக் காட்டில் கண்டு சொல்வார்கள்?

பாலையும் வீரையும் முதிரையும் கந்தளாய் தாண்டி ஹபரணை வரை வீதியின் இரு பக்கமும்தான் நிற்கின்றன. விடியப்புறம் புறப்படுகிற சுற்றுலா பஸ்ஸில் அந்த நேரம் ஆசிரியர் உட்பட எல்லோரும் நித்திரை. ஹபரணைப் பக்கம் யானை நின்றால் மட்டும் எழுப்புவார்கள். மரம் தெரிந்த ஒருவரை முன் ஆசனத்தில் உட்கார வைத்துப் பெயர் சொல்லச் சொன்னால் சுற்றுலா அங்கேயே தொடங்கிவிடும். வறண்ட வலயத் தாவரங்களைப் பூங்காவிலேயே பார்க்க மிரிஜ்ஜவிலவுக்குப் போக நினைப்பவர்கள் ஆவணியில் போய் வெறும் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து குறை சொல்ல வேண்டாம். மாரி முடிந்த கையோடு, தை மாசியில் போங்கள்.